ஈசானி மூலையில் ஒரு மூடி

என் மகளைப் பதினோரு வயதில் பொன்னேரி விடுதியில் கொண்டுபோய் விட்டோம். நாங்கள் பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரம் தீவுக்காரர்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் தண்ணீரைத் தாண்டியாக வேண்டிய காலம் அது. அன்று படகேறியவள், அதற்குப் பிறகு என் வீட்டில் சேர்ந்தாற்போல் பத்து நாள் தங்கியது கிடையாது. பொங்கலுக்கு வருவாள், திருவிழாவுக்கு வருவாள், அவள் நைனா இறந்துபோனபோது வந்தாள். எப்போது வந்தாலும் கரையில் கால் வைக்கிறபோதே, திரும்பிப் போகிற படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வாள். இப்போது அவளுக்கு நாற்பதை நெருங்குகிறது. மகளைத் தினமும் திட்டுவது பெற்றவளுடைய பாத்தியதை. எனக்கு இத்தனை வருஷத் திட்டு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்கிறது. வந்து தங்குகிற இரண்டு நாளில் எவ்வளவைத்தான் இறக்க முடியும்?

அதனால்தான் போன வருஷம் அவள் போனில் சொன்னபோது எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

"யம்மா, பொன்னேரி ஓரமா ஒரு மனை வந்துகீது. வாங்கி வூடு கட்டினா உனுக்கும் தனியா ஒரு ரூம் போட்டுடலாம்."

"எனுக்கு எதுக்குடி ரூமு? கோழிக்கூண்டு பக்கத்துல கொஞ்சம் எடம் குட்த்தா போதாதா?"

"நாங்க கோழியே வளக்கலியே."

"அப்ப கூண்டு காலியாத்தான கீது. அதுலயே பட்த்துக்கறேன்."

அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நான் போனை வைத்துவிட்டு என் புடவைகளை எடுத்து எண்ணினேன். எட்டு. பீரோ வேண்டாம், கொடி ஒன்றும் ஆணி மூன்றும் போதும் என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரு சன்னல் வேண்டும். அது தெருவைப் பார்த்து இருக்கக் கூடாது, சமையல்கட்டைப் பார்த்து இருக்க வேண்டும். படுத்த இடத்திலிருந்தே "குழம்புல உப்பு பத்தலடி" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவள் ஏதாவது பதில் பேச வேண்டும். நான் அதற்கு ஒன்று பேச வேண்டும். மறுநாளும் இதே சண்டை நடக்க வேண்டும். இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒயர் கூடையில் நண்டு எடுத்துக்கொண்டு படகிலும் பஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். மகளும் மருமகனும் என்னை மனைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மருமகன் வேன் ஓட்டுகிறவர். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பிரேக்கை நாலு தரம் மிதித்துப் பார்க்கிற ஆள். வாயைத் திறக்கவே காசு கேட்பார். அங்கே ஒரு தரகர் வெள்ளைச் சட்டையோடும் பிளாஸ்டிக் ஃபைலோடும் நின்றுகொண்டிருந்தார்.

மனை ஒரு பழைய ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. கரைமேல்தான் ரோடு. ரோட்டிலிருந்து மனைக்குள் காலெடுத்து வைத்தால் தன்னால் வேகம் பிடித்துக் கீழே கொண்டுபோய் விட்டது. முன்பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம். பின்னால் ஒரு வீடு, அதற்கும் பின்னால் வயல்.

"இன்னாபா இது, மனையா சறுக்குமரமா?" என்று கேட்டேன்.

"பாட்டி, சரியாப் பாருங்க. ஈசானி மூலைக்குச் சரியுது. வாஸ்துவுல இப்பிடி ஒரு மனை அமையறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். தண்ணி எல்லாம் ஈசானியத்துக்குத்தான் போவணும். மேடு பள்ளத்தப் பத்திக் கவலையே வேணாம். நாலு லோடு மண்ணு அடிச்சா சமமாயிடும்."

"பாட்டியா? தல எனுக்கு நரைச்சிகீதா, உனுக்கு நரைச்சிகீதா?"

தரகர் தலையைத் தடவிக்கொண்டார். நான் சாயம் பூசினவள் என்பது அவருக்குத் தெரியாது.

செருப்பைக் கழற்றி ரோட்டோரமாக விட்டுவிட்டு மனைக்குள் வெறுங்காலோடு நடந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏரிக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்போம். கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு வேலை கிடையாது. எங்கே பள்ளம், எங்கே மேடு, எங்கே அடிமண் கெட்டி, எங்கே இளகல் என்று பாதம்தான் சொல்லும். ஐம்பது வருஷமாக அப்படி நடந்த கால் இது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு தாண்டாதது என் தலைதான். கால் பெரிய படிப்பு படித்திருக்கிறது.

அந்தக் கால் மனையின் நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் இறுகிக் கெட்டியாக இருக்க, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மண் மெத்தென்று இருந்தது. அந்தப் பட்டை குறுக்காக ஓடிப் பின்பக்கத்து மூலைக்குப் போயிற்று. அதன் மேல் மட்டும் புல்லும் பச்சையாக இருந்தது. சித்திரை வெயிலில் பச்சைப் புல். பின் வீட்டுக்காரப் பெண்ணிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி மேட்டில் ஊற்றினேன். தண்ணீர் சரசரவென்று இறங்கி வந்தது. அந்தப் பட்டையைத் தொட்டதும் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

பட்டையைப் பிடித்துக்கொண்டே மூலைக்குப் போனேன். அங்கே எருக்கஞ்செடிக்குப் பின்னால், வட்டமாக, சிமெண்டில் ஒரு மூடி.

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. தீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறெதுவும் தோன்றாது. எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது. மணல் மேட்டில் முழ ஆழம் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் மொண்டு குடத்தில் சேர்ப்போம். கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்பாகிவிடும். நல்ல ஊற்று கிடைத்துவிட்டால் சிமெண்டு உறை இறக்கி, நாய் வாய் வைக்காமல் வட்டமாக ஒரு மூடி போட்டு வைப்போம். எங்கள் ஊரில் வட்ட மூடி என்றால் அதற்குக் கீழே நல்ல தண்ணீர் என்றுதான் அர்த்தம்.

மெத்தென்ற மண், பச்சைப் புல், ஈசானி மூலை, வட்ட மூடி. உறைக் கிணறு! எவனோ போட்டு மறந்துவிட்டுப் போன கிணறு! விற்கிறவனுக்குத் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவான். நான் சட்டென்று புடவையை விரித்து மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒயர் கூடையையும் பக்கத்தில் வைத்து மிச்சம் தெரிந்த விளிம்பை மறைத்தேன்.

தரகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னா பாட்டி, அங்கியே உக்காந்துட்டீங்க?"

"முட்டி வலிக்குதுபா. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

"உக்காருங்க, உக்காருங்க. நல்லா சாஞ்சி உக்காருங்க" என்று அவர் முகம் மலர்ந்தது. மகள் இந்தப் பக்கம் வரப் பார்த்தபோது அவரே குறுக்கே போய், "அங்க முள்ளு கீதுமா, நீங்க மேட்டுல நின்னு பாருங்க, அங்கேந்து பாத்தாத்தான் அழகு" என்று நிறுத்தினார். நல்ல மனுஷன், வயசானவளுக்கு இவ்வளவு மரியாதை தருகிறானே என்று நினைத்துக்கொண்டேன். அவரை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கூடையில் நண்டு கரகரவென்று பிறாண்டிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் உண்மை தெரிந்திருக்கும்.

அன்றைக்குப் பஸ் ஏறும்போது மகளின் காதில், "கண்ண மூடிகினு வாங்குடி" என்றேன்.

"காலைல சறுக்குமரம்னு சொன்ன?"

"சறுக்குனா சறுக்கட்டும். உன் அம்மா சொல்றேன், வாங்கு."

ரகசியத்தை அடுத்த ஞாயிறுவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். திங்கட்கிழமை வரைக்கும் இருந்தேன். ஏரியில் எனக்குப் பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்தவளிடம், பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"என் மவ மனைல கெணறு கீது. உறைக் கெணறு."

அவளும் பறியை எடுத்தாள். "தண்ணி எப்பிடி? உப்பா?"

"தேனு."

பிறகு எத்தனை நாள் அவள் என்னை இந்த ஒரு சொல்லை வைத்தே கொன்றாள் என்பது வேறு கதை.

அந்த வாரம் முழுக்க நான் தீவில் இருந்தேனே தவிர, குடியிருந்தது அந்த மனையில்தான். விடியற்காலையில் கிணற்றில் ஒரு குடம் இறைப்பேன். மகள் வேலைக்குப் போவதற்குள் வாசல் தெளிப்பேன். அவள் பல் விளக்கிக்கொண்டே வந்து, "யம்மா, இம்மாந் தண்ணி இன்னாத்துக்குக் கொட்ற?" என்று கத்துவாள். நான் இன்னும் ஒரு குடம் கொட்டுவேன். இப்படியே இறால் பிடித்தேன், இப்படியே சோறு ஆக்கினேன். ஒருநாள் அவளுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு, சோறு வெந்த பிறகுதான் கவனித்தேன். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மூன்று வேளை நானே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு மனைக்கு மேஸ்திரி வந்தார், தரகரும் வந்திருந்தார். மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன்னால் வீடு எப்படி நிற்கும் என்று ஒரு தரம் அளந்து பார்த்துவிட வேண்டும் என்று மருமகன் சொல்லியிருந்தார். மேஸ்திரி என் வயசுக்காரர். வெற்றிலை வாய். நீளமான கண்ணாடி ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மருமகனிடம் மேட்டில் பிடிக்கக் கொடுத்தார். மறு முனையைப் பள்ளத்தில் தான் பிடித்துக்கொண்டு மட்டம் பார்த்தார். மேட்டில் தரையைத் தொட்ட தண்ணீர் பள்ளத்தில் அவர் இடுப்புக்கு மேல் நின்றது.

"நாலடி எறக்கம் கீதுமா" என்றார் என் மகளிடம். "பின்னால கல்லுல தாங்குசொவரு எழுப்பி, மண்ணு ரொப்பி, அதுக்கு மேலதான் கட்டணும். செலவு கொஞ்சம் இழுக்கும். ஆனா கட்டலாம்."

"கட்டுங்க" என்றாள் மகள்.

சுண்ணாம்புத் தூளைக் கையில் அள்ளி, கயிறு பிடித்து, தரையிலேயே வீட்டைப் போட்டுக் காட்டினார். இது ஹால், இது சமையல்கட்டு, இது அவர்கள் படுக்கிற அறை. கடைசியாகப் பின்பக்கம், சமையல்கட்டை ஒட்டி, பத்துக்கு எட்டில் ஒரு கட்டம். "இது அம்மாவுக்கு."

"மேஸ்திரி, சமையல்கட்டு பக்கமா ஒரு ஜன்னலு வெக்கணும்."

"அங்க எதுக்குமா ஜன்னலு? பொகை வரும்."

"பொகை வரட்டும். கொழம்பு வாசனையும் வரும்ல. நான் மோந்து பாத்து மார்க் போடணும்."

"யம்மா!" என்று மகள் பல்லைக் கடித்தாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சன்னலுக்கு இரண்டு புள்ளி வைத்தார். வாசலுக்கு மூன்றடி கோடு போடாமல் விட்டார். நான் அந்த வாசல் வழியாக உள்ளே போனேன். சும்மா கோட்டைத் தாண்டிப் போகலாம். ஆனால் சுவரைத் தாண்டி யாராவது போவார்களா? உள்ளே போய் உட்கார்ந்தேன். சரிவு என்னைக் கீழே இழுத்தது, குதிகாலை ஊன்றிக்கொண்டேன். தலையணை இந்தப் பக்கம், செம்பு இந்தப் பக்கம், ஆணி மூன்றும் அந்தச் சுவரில். எனக்கு அறுபத்தேழு வயசு. அதற்குள் எத்தனையோ கூரைக்கடியில் படுத்திருக்கிறேன். அப்பன் வீடு, மாமியார் வீடு, புயலடித்தபோது பள்ளிக்கூடம். எனக்கென்று ஒருத்தர் கோடு போட்டது அதுதான் முதல் தடவை.

சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. இனி மறைத்து என்ன, நாளைக்கு முன்பணம், தரகரால் ஒன்றும் செய்ய முடியாது.

"எல்லாரும் இங்க வாங்க. உங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு இந்த மனைல கீது" என்று எழுந்து மூலைக்குப் போய் எருக்கஞ்செடியை விலக்கினேன். "தோ பாருங்க. கெணறு!"

மகள் வாயைப் பிளந்தாள். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். தரகர் முகத்தில் ரத்தம் இல்லை.

"மேஸ்திரி, கடப்பாரை போட்டு தெறங்க."

"வேணாம் பாட்டி! வேணாம்! ஈசானி மூலை, சாமி எடம். நல்ல நேரம் பாக்காம தெறக்கக் கூடாது" என்று தரகர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம, நல்ல நேரந்தான். தள்ளுபா."

மருமகன் அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "அத்தை, தெறக்க வேணாம். நேத்து ஆபீசுல மனை வரைபடம் வாங்கினேன். எனக்கு அதுல ரெண்டு புள்ளிக்கோடு புரியல. மேஸ்திரி கைல காட்டிட்டு—"

அதற்குள் மேஸ்திரி நெம்பிவிட்டார்.

வாசனையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருந்த காக்காய் எழுந்து போய்விட்டது, அவ்வளவுதான். கீழே கருப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு ஒரு மணி நேரம் நான் அதன் மேல்தான் கொலுவிருந்தேன்.

"பாதாள சாக்கடை" என்றார் மேஸ்திரி. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். மேட்டுத் தெரு வீடுகளின் கழிவு முழுக்கப் பள்ளத்தில் இருக்கிற பம்ப் ஹவுசுக்குப் போக வேண்டும். அந்தக் குழாய் இந்த மனைக்குள்ளே குறுக்காகப் போகிறது. இன்னொரு குழாய் பின் எல்லையை ஒட்டிப் போகிறது. இரண்டுக்கும் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி விட்டுவிட வேண்டும். மேலே அஸ்திவாரம் போடக் கூடாது. மூடியும் மண்ணுக்குள் போகக் கூடாது, அதனால் அந்தப் பக்கம் மண்ணடித்து உயர்த்தவும் முடியாது. எப்போது தோண்ட வந்தாலும் வழி விட வேண்டும். பத்திரத்திலேயே எழுதியிருக்கும் என்றார்.

"தெரிஞ்சிதான் மறைச்சியா?" என்று தரகரைக் கேட்டேன்.

"நான் எங்க பாட்டி மறைச்சேன்? நீங்கதான் மேல உக்காந்துகினு இருந்தீங்க."

நான் புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

தெற்குப் பக்கத்துக் காலி மனையில், செடிக்குள் இன்னொரு மூடி இருந்தது. மேஸ்திரி அங்கிருந்து இங்கே கயிறு கட்டிக் காட்டினார். கயிறு, என் கால் மெத்தென்று சொன்ன அதே பட்டையின் மேல்தான் போயிற்று. ஹாலைத் தொடவில்லை. அவர்கள் அறையைத் தொடவில்லை. சமையல்கட்டை ஒதுக்கிவிட்டு, பத்துக்கு எட்டுக் கட்டத்துக்குள் ஒரு மூலையில் நுழைந்து மறு மூலையில் வெளியே வந்தது. தலையணைக்கு நான் பார்த்து வைத்திருந்த இடத்தின் மேலேயே.

"இந்த மூணு மட்டும் மேட்டுல கட்டலாம்" என்றார் மேஸ்திரி. "அந்த ரூமு வராது."

மகள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கொழாய் மேலயே கட்டிக்கலாம்" என்றாள்.

"ஆங், அதான் சொல்ல வந்தேன்" என்றார் தரகர். "அவனவன் மாடியே கட்டிகீறான். சாக்கடைமேல ஒரு சின்ன ரூமு போட்டா யாரு வந்து அளக்கப் போறாங்க?"

மருமகன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. கட்டிக்கலாம்ல?"

பொய் சொல்லக் கூடாது: எனக்குச் சரியென்றுதான் வாய் வந்தது. உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. கீழே சாக்கடை ஓடினால் என்ன, மேலே என் மகள் இருப்பாளே. நாற்றம் மூக்குக்குத்தான். பத்து நாளில் பழகிவிடும். கருவாட்டு நடுவில் பிறந்த மூக்கு இது.

அந்த வாயை அடக்குவதற்காகத்தான், "போன வாரம் கொடம் குடுத்தாளே, அவளாண்ட ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கிப் போனேன். குழாய் நம் மனையோடு நிற்காது, பள்ளத்தில் அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கால் சொல்லிக்கொண்டிருந்தது.

பின் வீட்டுக்காரி நல்லவள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் மெதுவாகக் குழாயைப் பற்றிக் கேட்டதும், உள்ளே கூப்பிட்டுப் போய் ஓர் அறையைக் காட்டினாள். வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ். அந்த அறையில் மட்டும் நடுவில் ஒரு பட்டை வேறு நிறம், சிவப்பு.

"ரெண்டு வருசம் ஒண்ணும் தெரியலமா. அடுத்த மழைல அடச்சிகிச்சி. மேட்டு வூட்டுல குளிச்சா இங்க தரை வழியா குமுறிகினு வரும். அப்பறம் வந்து ஒடச்சாங்க. அவுங்களயும் குத்தம் சொல்ல முடியாது, நாங்க கட்டக் கூடாத எடத்துல கட்டிட்டோம். ரெண்டு தரம் ஒடச்சி ஒட்டிட்டோம். இன்னொரு தரம் ஒடைப்பாங்க."

"யாரு ரூமுமா இது?"

"மாமியாருது."

"எங்க அவுங்க?"

"மொத தரம் ஒடச்சப்பவே எங்க வூட்டுக்காரரு அண்ணன் வூட்டுக்கு அனுப்பி வெச்சோம். அவுங்களுக்கு மூட்டு வலி, ஈரம் ஆவாது. சரியானதும் கூட்டியாரலாம்னு இருந்தோம்" என்றவள், சிவப்புப் பட்டையைக் காலால் தேய்த்துக்கொண்டே, "இன்னும் கூட்டியாரல" என்றாள்.

அறையில் அரிசி மூட்டைகளும் ஒரு சைக்கிளும் இருந்தன. சுவரில் ஆணி மூன்று காலியாக இருந்தன. நான் எண்ணினேன்.

மேலே ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. இறங்கும்போது சரிவு எவ்வளவு சுலபம்.

"வேணாம்டி" என்றேன் மகளிடம்.

"இன்னா வேணாம்?"

"இந்த மனை வேணாம். ஒருநாள் கடப்பாரை எடுத்துகினு வருவானுங்க. அன்னிக்கி என்ன எழுப்பி எங்க உக்கார வெப்ப? படகுலதான் ஏத்தி வுடுவ."

"ஹால்ல படு. நாங்க ஹால்ல படுக்கறோம், நீ எங்க ரூம்ல படு."

"ஹால்ல படுக்கறவ விருந்தாளிடி. எனுக்கு விருந்தாளி வேசம் போட்டுப் போட்டுச் சலிச்சிப்போச்சி. உனுக்கும்தான்."

நான் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் மகள் சின்ன வயசிலிருந்தே அழமாட்டாள். விடுதியில் விட்டபோதுகூடக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனவள். அன்று அந்த மேட்டில் நின்று கத்தினாள்.

"எத்தினி மனைம்மா பாக்கறது? நல்ல மனை நம்ம கைக்கு எட்டாது. எட்டற மனைல இப்பிடி ஒண்ணு கீது. நான் எத்தினி வருசந்தான் உன்னாண்ட வந்து வந்து போறது? வந்தவொடனே படகு எத்தினி மணிக்குனு கேக்கறேன்ல, எதுக்குனு நெனச்ச? கேக்காம இருந்தா நான் போவவே மாட்டேன். அதுக்குத்தான் கேக்கறேன்."

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மூட்டை மூட்டையாக என்று சொன்னேனே, அதில் பாதி மூட்டை அது.

மருமகன் தரகரைத் தோளில் கை போட்டு ரோட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பேசாத மனிதர்களுக்கு எப்போது நகர வேண்டும் என்று தெரிகிறது. மேஸ்திரி கயிற்றைச் சுருட்டினார், ட்யூபிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டார். அது சரசரவென்று இறங்கிப் போய், பட்டைக்குள் சத்தமில்லாமல் மறைந்தது. சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழிக்கட்டுமா என்று கேட்டார்.

"இருக்கட்டும் மேஸ்திரி. காத்துல தானா போவும்."

மேஸ்திரியும் போய், மகள் மட்டும் மேட்டில் நின்றுகொண்டிருந்தபோது நான் என் வாசல் வழியாக என் அறைக்குள் போனேன். தலையணை இடத்தில் தலை வைத்து, சன்னல் பக்கம் பார்த்துப் படுத்தேன். மண் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷமாக நாங்கள் ஞாயிறு தவறாமல் வேறு மனைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கே போனாலும் நான் முதலில் மூடி தேடுகிறேன். ஆனால் அன்றைக்கு, இனி ஒரு மனை வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் காலடி கேட்டது. கோபத்தில் தொம் தொம்மென்று மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். நேராக வந்தால் கோட்டைத் தாண்டி மூன்றே எட்டில் என்னிடம் வந்துவிடலாம். காலடி சுவரோரம் வந்து நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு போயிற்று. ஹால் வாசல் வழியாக நுழைந்து, சமையல்கட்டுக்குள் போய், அங்கேயே நின்றது. உட்கார்கிற சத்தம் கேட்டது. சன்னல் புள்ளி இரண்டுக்கும் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கொழம்புல உப்பு பத்தலடி" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்குப் போடறேன். கம்முனு தூங்கும்மா."